எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஒரு வாரமா போன் வரலைன்னு பயந்திருப்பே. பெரிசா ஒண்ணுமில்லை. ராத்திரி எட்டுக்கு மேல வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டக் கூடாதுன்னு இந்தச் சின்ன ஊர்ல நகராட்சி விதி. சலவைக்கூடத்துல வேலை முடிஞ்சு நான் அறைக்கு வர்றதே எட்டரைக்கு. உனக்கோ கத்தினாத்தான் கேட்கும். அடுத்த அறையில கைக்குழந்தை. நான் கத்தும்போதெல்லாம் முழிச்சுக்குதாம். புகார் கொடுத்துட்டாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

நகராட்சி அதிகாரி சத்தம் அளக்கிற கருவியோட வந்தார். "வீட்டுக்கு எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசிக் காட்டுங்க"ன்னார். கூடத் தங்கியிருக்கிற டைலர் அண்ணன், "மெதுவாப் பேசித் தொலைடா"ன்னு காதைக் கடிச்சார். நானும் அப்படித்தான் நினைச்சேன். "அம்மா, சாப்பிட்டியா?"ன்னு வாயைத் திறந்ததும் குரல் தானா ஏறிடுச்சு. கருவியில சிவப்பு விளக்கு எரிஞ்சுது. அதிகாரிக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம், "என் கையில எதுவும் இல்லை தம்பி"ன்னுட்டுப் போயிட்டார்.

அக்காவைக் கூட்டிக்கிட்டு காது டாக்டரைப் பாரு. லீவு நாள் பகல்ல தெருமுனைக்குப் போய்க் கத்தறேன். மத்த நாள் எட்டரைக்கு எப்பவும்போல போன் அடிக்கும். யாரும் பேசலையேன்னு வெச்சிடாதே. நீ பேசு, மாட்டைப் பத்தி, அக்காவோட சண்டையைப் பத்தி, எதையாவது.

வேலைக்குக் கூட்டிப் போற வேன் வந்துடுச்சு. நான் 'ம்' கொட்டிக்கிட்டேதான் இருப்பேன். உனக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

உன் மகன்