பூட்டுக்குக் கட்டிய வாடகை

மழை நாளில் ஹட்டன் நெட் கஃபேக்குள் நுழைந்தால் ஒரு வாசனை வரும். ஈரக் குடைகளும் சூடேறிய கம்ப்யூட்டர்களும் சேர்ந்த வாசனை. துபாயிலிருந்து உன் அண்ணன் அனுப்பிய மின்னஞ்சலைப் பார்க்க, இன்று பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போனேன். கதவைத் திறந்தவுடன் உன் ஞாபகம்தான் முதலில் வந்தது. கொழும்பிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், வீட்டுக்குப் போகுமுன் நீ வந்து உட்காரும் இடம் அல்லவா? எப்போதும் சுவரோர நாற்காலிதான். முதுகுக்குப் பின்னால் யாரும் வந்து நிற்க முடியாதே.

அங்கே வைத்துத்தான் அந்த டயறியை எனக்குக் காட்டினாய். கொப்பியில் எழுதும் டயறி அல்ல. எந்த ஊரென்றே தெரியாத ஒரு கம்பனி, வருடா வருடம் பணம் வாங்கிக்கொண்டு இன்டர்நெட்டில் வைத்துக் காக்கிற டயறி. உன்னிடம் கார்டு இல்லாததால் அண்ணனின் கார்டில் கட்டினாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டி அன்றன்றைய நாளை உள்ளே போட்டாய். எனக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. ஒரு கொப்பியை ஒரு தரம் வாங்கினால் அது நம்முடையது. பணம் நின்றால் நம்முடைய நாட்களே நம்மை உள்ளே விடாதென்றால், அது என்ன டயறி?

"என்னைத் தவிர யாராலயும் தொறக்க முடியாதுடி. கம்பனிக்காரனாலயே முடியாது" என்றாய்.

"யாரு சொன்னா?"

"அவங்கதான் போட்டிருக்காங்க."

"பாலுக்குப் பூனையக் காவல் வச்சிட்டு, பூனைக்குச் சம்பளமும் குடுக்கிறியா?"

நீ சிரித்தாய். "சி.ஐ.டி. டீச்சர், உங்க விசாரணை முடிஞ்சிச்சா?" என்று கேட்டாய். எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறேன் என்று நீ எனக்கு வைத்த பெயர் அது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாய்: "லயத்துல எல்லாத்தையும் ஓசியிலேயே வாசிச்சிருவாங்க. வாசிக்காம இருக்கிறதுக்குத்தான் நான் காசு குடுக்கிறேன்."

நீ எதை நினைத்துச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாட்களில் உனக்கு அந்தக் கடிதம் வந்த அன்று நானும் உன்னோடு இருந்தேனே.

தொண்ணூறுகளில், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடாகக் கட்டிய ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்களில் நாம் வளர்ந்த காலம் அது. தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதங்களை, மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். உனக்கு வந்ததை உன் அம்மா வாங்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. இந்தியாவுக்குப் போன சொந்தத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்து, மத்தியானம் வேலை விட்டு வந்ததும், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை பொறுக்காமல் லயத்தின் கோடிக் காம்பரா மாமாவிடம் கொடுத்துவிட்டார். மாமாவுக்கு மனதுக்குள் வாசிக்கும் பழக்கம் கிடையாது. அனுப்பியவர் முகவரியிலிருந்து கடைசிக் கையெழுத்துவரை ஒன்றும் விடாமல் உரக்க வாசித்தால்தான் அவருக்கு வாசித்த மாதிரி. பள்ளி விளையாட்டுப் போட்டியில் பழக்கமான, டயகமத் தோட்டத்துப் பையன் உன் கண்களைப் பற்றி எழுதியிருந்ததை லயமே கூடி நின்று கேட்டது. நாம் புத்தகப் பையோடு வந்து சேர்ந்தபோது மாமா 'இப்படிக்கு' வரை வந்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை, உதவி என்றுதான் செய்தார். நீ அன்று சாப்பிடவே இல்லை. "இனிமே என் எழுத்த யாரும் சத்தமா வாசிக்கக் கூடாது" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

கொழும்பில் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இதை எழுதும்போதும் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. கருமாதிக்கு வந்திருந்த உன் அண்ணன், டயறிக்குப் பணம் கட்டும் மாதம் நெருங்குகிறது என்றார். கட்டுவதா விடுவதா என்று தெரியாமல் கம்பனிக்கு எழுதினார். மரணச் சான்றிதழின் பிரதியை அனுப்பினால், நீ எழுதியதையெல்லாம் திறந்து எங்களுக்கு அனுப்பிவைப்பதாகப் பதில் வந்தது.

பார்த்தாயா? தங்களாலேயே திறக்க முடியாது என்றார்களே! இன்னொரு சாவி முதல் நாளிலிருந்தே அவர்களிடம் இருந்திருக்கிறது. வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீ இருந்தவரை உன் எழுத்தை யாரும் உரக்க வாசிக்கவில்லை. அந்த அளவுக்கு நீ கட்டிய காசு பிரயோசனம்தான்.

உன் அம்மாவுக்கோ அந்தப் பதில் சாமியே அனுப்பியது போல இருந்தது. "அத வாங்கி வாசிச்சுக் காட்டு மகளே. அவ பேசுற மாதிரி இருக்கும்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஆசைதான். அதில் நான் இருக்கிறேனா, எப்படி இருக்கிறேன் என்று பார்க்க மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் லயத்து வாசலில் உட்கார்ந்து உன் எழுத்தை நான் உரக்க வாசிப்பதாக நினைத்துப் பார்த்தால், மாமாவின் குரல்தான் காதில் கேட்டது.

"அத்தை, அந்த டயகமக் கடுதாசி ஞாபகம் இருக்குங்களா?"

அவர் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி அவ என் மூஞ்சியக்கூட பாக்கல" என்றார். பிறகு, "வேணாம். ஒண்ணும் அனுப்ப வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லிரு. மூடிறச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அண்ணன் கம்பனிக்கு அப்படியே எழுதிவிட்டார். அதற்குக் கம்பனி அனுப்பிய பதிலைத்தான் இன்று அண்ணனின் மின்னஞ்சலில் பார்த்தேன். உன் கணக்கை மூடிவிட்டார்களாம். பக்கங்கள் எல்லாவற்றையும் அடியோடு அழித்துவிட்டார்களாம். பிரதி எதுவும் தங்களிடம் இல்லையாம்.

நான் நம்பவில்லை. திறக்க முடியாது என்று பொய் சொன்னவர்கள், அழித்துவிட்டோம் என்பதை மட்டும் உண்மையாகவா சொல்லப்போகிறார்கள்? எங்கோ ஒரு மூலையில், இங்கிலீஷ் எழுத்தில் நீ தட்டிய தமிழ், அவர்கள் யாருக்கும் விளங்காமல் பத்திரமாகக் கிடக்கும்.

நீ கேலி செய்த சந்தேகப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. வழக்கமாக, என் சந்தேகம் பொய்த்துப்போனால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்த ஒன்று மட்டும் மெய்யாகிவிட வேண்டும் என்று, மழையில் நடந்து வந்த வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டு வந்தேன்.