எடுக்கச் சொன்ன பக்கங்கள்

நேற்று மாலை கூரியரில், பிழை பார்த்து அனுப்பச் சொல்லி, அச்சுப்படி வந்தது. நம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. கட்டைப் பிரித்ததும் அதே மை வாசனை. முதல் பதிப்பு வந்தபோது உத்திரமேரூர் பஸ் நிலையத்திலேயே பார்சலைக் கிழித்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்து, "கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குதுடி" என்று சிரித்தவள் நீ. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று வீட்டில் நான் மட்டும்தான். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கட்டை மறுபடியும் சுற்றி வைத்தேன்.

அட்டையில் என் பெயர் மட்டும் இருந்தாலும் அதை நம் புத்தகம் என்றே சொல்லி வருகிறேன். நம் காலனி ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் நிலத்தில் நாற்று நட்டார்கள், எந்தச் சாமியை விட்டு எந்தச் சாமியிடம் போனார்கள் என்பதை நாமே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்று நச்சரித்தவள் நீ. எழுத உட்கார்ந்ததும் ஒரு நிபந்தனை போட்டாய். யாரைப் பற்றி எழுதினாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் பால்வாடியில் வைத்து அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்பதை எடுத்துவிட வேண்டும். ஆசாரிகள் வைத்திருக்கும் தட்டைப் பென்சில் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாய். நல்ல வரியாகப் பார்த்துத்தான் உன் பென்சில் பாயும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது அவங்க வாழ்க்கடி, உன் கத இல்ல" என்பாய்.

சாலம்மா அத்தையின் கதையைப் படித்த அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்கார வீட்டில் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் வேலைக்கு அத்தை போனார். காலனி என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்களே என்று பெயரை சரோஜா என்றும், ஊரை வேறாகவும் சொல்லிவிட்டார். அந்த வீட்டம்மா அவரைத் தன் சமையலறையில் உட்காரவைத்துச் சோறு போட்டார். வேலையை விட்ட பிறகும் அந்த வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் சரோஜா என்று எழுதிய பத்திரிகை வரும். முழுதாகக் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "இத்த மட்டும் எட்த்துடும்மா. அந்த வூட்டுச் சோறு துண்ணவ நான்." நீ பென்சிலால் பெருக்கல் குறி போட்டாய். நான் தலையாட்டினேன்.

ஆனால் எடுக்கவில்லை. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். அந்த ஆசைதான் காரணம். வேறு நியாயம் எதுவும் இல்லை. நீ புத்தகத்தைப் பிரித்துப் படிக்கவே இல்லை. எல்லாம்தான் பால்வாடியிலேயே கேட்டாயிற்றே என்று இருந்துவிட்டாய்.

ஏனாத்தூர் கல்லூரியில் மாணவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டபோது நீயும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். ஒரு பெண் எழுந்து, தனக்கு மிகவும் பிடித்த பகுதி என்று சரோஜாவின் கதையைத்தான் வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்து நான் பார்த்தபோது உன் நாற்காலி காலி. பஸ் நிறுத்தத்தில்தான் உன்னைப் பிடித்தேன். "தலைய ஆட்டிட்டு இன்னாத்துக்குடி வச்ச?" என்று மட்டும் கேட்டாய். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நாம் பேசவில்லை. நீ முதலில் பேசட்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டாய். உன்னை எடுத்துப்போன அன்று கூட்டத்தோடு கூட்டமாகத் தெருக்கோடியில் நின்றேன்.

இரண்டாம் பதிப்புப் பேச்சு வந்தபோது சாலம்மா அத்தையிடம் போனேன். புத்தகம் வந்த பிறகு அந்த வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகைகள் வருவது நின்றுவிட்டதாம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அலமாரியிலிருந்து உன் தட்டைப் பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "அவ வந்து குடுத்தா. நீ ஒரு நாள் வருவியாம், அப்போ குடுக்கணுமாம்" என்றார். மாதம் தவறாமல் அவரிடம் போய், எனக்காக நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். என் வாசலை மட்டும் மிதிக்கவில்லை.

மறுபடி படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். பால்வாடிக்கு வந்து, நீ உட்காரும் இடத்தைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து, கடைசிவரை கேட்டார்.

"அவ உசுரோட இருக்கசொல்ல நீ வந்து கேட்டிருந்தா வச்சுக்கோன்னு சொல்லி இருப்பேன். அவ்ளோ கெஞ்சினா உனுக்காவ," என்றார் அத்தை. "இப்போ வேணாம். எட்த்துடு."

எடுத்துவிட்டேன். அந்தப் பக்கங்கள் இல்லாமல்தான் புத்தகம் வரப்போகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. உன்னிடம் சொல்ல முடியவில்லை என்பதுதான் தாளவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். பென்சிலை உன் இடத்தில் வைத்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். எதையும் எடுக்கச் சொல்ல யாரும் இல்லை.