ஓக் கூரையும் ஓமப் புகையும்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஆலங்கட்டி மழை. டாலஸ் பக்கத்து எங்கள் காப்பெல் ஊர் முழுக்க எல்லோரும் காரைக் கராஜுக்குள் தள்ளும் அவசரம். எங்கள் கராஜில் ஏது இடம், கல்யாணச் சாமான். இவர் கார் மேல் பழைய மெத்தையைப் போட்டுவிட்டு நனைந்து வந்தார்.

பிரான்சிலிருந்து மகள் யாழினி போன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஆர்க்கிடெக்ட். அவள் வேலை பார்க்கும் கோட்டை மாளிகையிலேயே ஜூனில் கல்யாணம். இன்று புதுக் குண்டு போட்டாள்.

"ஹால்ல ஓமம் கிடையாதும்மா. ப்ரொடெக்டட் மான்யுமென்ட். ஒரு அகல் விளக்குகூட முடியாது."

"அக்னி சாட்சி இல்லாம கல்யாணமா? எல்இடி பல்ப் சாட்சியா?"

யார் போட்ட தடை? "ரிப்போர்ட் எழுதினதே நான்தான்" என்கிறாள். நல்ல பெண்ணைப் பெற்றேன்!

வாங்க: பச்சரிசி, பால், இவருக்கு முட்டிவலித் தைலம்.

மார்ச் 5, வியாழன்

ரிச்சர்ட்சனில் என் ஆபீஸ். மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, யாழினி அனுப்பிய மாளிகை வரலாறு. முதலில் பிரபுவின் வேட்டை மாளிகை. புரட்சியில் பறிமுதல். அப்புறம் வைக்கோல் கிடங்கு. ஒரு தீயில் மேற்குப் பக்கம் மொத்தமும் போனது. ஊர்க்காரர்கள் அகழித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியதில் ஹாலின் ஓக் கூரை மட்டும் பிழைத்தது. என் பெண் சாரத்தில் ஏறி ஒவ்வொரு உத்தரமாகத் தட்டிப் பார்த்திருக்கிறாள். கோபம் பாதி இறங்கியது. பாதிதான்.

ஓமத்துக்கு அனுமதி தரவேண்டியது பாரம்பரியத் துறை அதிகாரி. ஒரு அம்மாள். ஆபீஸ் வேலையாக டாலஸ் வந்த மாப்பிள்ளை லூக் நாளை ஊர் திரும்புகிறார். அவர் கையில் அந்த அம்மாளுக்கு ஒரு டப்பா முறுக்கு, அதிரசம். காரியமாகப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடா போவது?

மார்ச் 10, செவ்வாய்

போச்சு. யாழினி ஒரே அழுகை.

"அம்மா, என் ப்ராஜெக்டையே அவங்கதான் பாக்கறாங்க! டப்பாவை அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. எக்ஸ்ப்ளனேஷன் கேட்டு மெயில் வந்திருக்கு."

"முறுக்கு லஞ்சமாடி?"

"இங்க அது லஞ்சம்தாம்மா."

ஓம அனுமதியும் நிறுத்திவைப்பு. இவர், "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" அதிரசத்திலிருந்து எண்ணெயைப் பிழிந்தெடுத்துக் கொடுத்தது யாராம்?

அவள் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

நானே கேட்டு அதிகாரியோடு வீடியோ கால். பட்டுப் புடவை கட்டி உட்கார்ந்தேன். இவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

நரைத்த தலை, உர்ரென்ற முகம். யாழினி மொழிபெயர்த்தாள். "தப்பு என்னோடது. என் பொண்ணுக்குத் தெரியவே தெரியாது. எங்க ஊர்ல யாரைப் பாக்கப் போனாலும் கையில ஏதாவது கொண்டுபோவோம்." அந்த அம்மாள் மெல்லத் தலையாட்டினார். மெயில் விஷயம் அதோடு முடிந்ததாம். அப்பாடா! உயிர் வந்தது.

வாய் சும்மா இருக்குமா? "அவ்வளவு பெரிய எஸ்டேட்ல, தீ மூட்டறதுக்குன்னே கட்டின இடம் ஒண்ணுகூட இல்லையா?"

யாழினி மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள். "அம்மா... ரொட்டி அடுப்பு!" தோட்டக் கோடியில், கல்லில் கட்டியது. ஊர்த் திருவிழாவுக்கு இன்றும் மூட்டுவார்களாம். இருவரும் பிரெஞ்சில் படபடவென்று பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

நல்ல வெயில். கார் கூரையில் ஆலங்கட்டிப் பள்ளங்கள். மெத்தை தண்டம்.

அனுமதி வந்துவிட்டது! அடுப்புக்கு முன்னால், வெட்டவெளியில் ஓமம். கல்யாணம் நடத்திவைக்கப்போகும் ஃபிரிஸ்கோ ஊர் ஐயருக்குப் போன் செய்தேன். "பேஷா பண்ணலாம்" என்றார்.

நிபந்தனைகள் உண்டு. கல்லில் மஞ்சள் பூசக்கூடாது. ஆணி கூடாது. கடைசியாக ஒன்று: நெருப்பு முழுக்க அணையும்வரை ஒருத்தர் அங்கேயே நிற்கவேண்டும். சாப்பாடு, போட்டோ எதற்கும் நகரக்கூடாது.

"ஒரு பேர் எழுதித் தரணும்மா. அங்க வேலை செய்யற யாரையாவது கேக்கட்டுமா?"

"அந்தக் கூரைக்கு ஒண்ணு ஆனா நீ தாங்குவியா? என் பேரை எழுதுடி."

போனில் மூக்கை உறிஞ்சினாள். ஜூனுக்குள், அவ்வளவு நேரம் நிற்பதற்கு ஹீல்ஸ் இல்லாத செருப்பு ஒன்று வாங்கவேண்டும்.