சத்தமாகப் பேசும் வீட்டுப் பெண்ணுக்கு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
18-7-1976

அன்பு மகள் பிளாரன்சுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் சுகம், பம்பாயில் உனக்கும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் கேட்கிறேன். உன் வேலை நிரந்தரமான சந்தோஷத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தாயிற்று. உனக்குப் பாடம் எடுத்த கிரேசி டீச்சர் கல்லூரி வேலையை விட்டுச் சொந்த ஊர் நாசரேத்துக்கே போகிறார்கள், அதற்குமுன் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாம்மா என்று எழுதியிருந்தாய். தப்புச் செய்யாதவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? முதல் வகுப்பில் பி.காம். தேறிய உன்னை மூன்று ஆபீஸ் இண்டர்வியூவில் கழித்து அனுப்பினார்கள். மார்க் மட்டும் போதாது, மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும், குரலைத் தணிக்க வேண்டும், கேட்பவர்களுக்கு நீ சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்று டீச்சர் சொன்னதாக நீ அழுதுகொண்டு வந்தாய். அதனால்தான் கல்லூரி வராந்தாவில் போய் நின்று டீச்சரைக் கேட்டேன், கடக்கரை மீன் ஏலத்துல மெதுவாப் பேசுனவ வெறுங்கூடையோடதான் வீட்டுக்கு வருவா, எங்க தொண்டையாலதான் சோறு திங்கோம், அதுல என்ன கொறையக் கண்டீங்க என்று. கருவாடு பொதிகிற பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான், எனக்கும் என் பிள்ளைக்கும் யாரும் பேசக் கற்றுத்தர வேண்டாம் என்றும் சொன்னேன். இன்றைக்கும் நான் பேசியது பேசியதுதான்.

ஆனால் அவ்வளவு பேச்சு வாங்கியும் அந்த டீச்சர் பிள்ளை உன்னைக் கைவிடவில்லையே. சனிக்கிழமைதோறும் தன் வீட்டில், தானே இண்டர்வியூ அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து உன்னைத் திரும்பத் திரும்பப் பேசவைத்ததும், நீ கோபப்பட்டு எழுந்தபோதெல்லாம் காப்பி கொடுத்து உட்காரவைத்ததும் உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். லைப்ரரிக்குப் போகிறேன் என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய், ஊருக்கு வா, பேசிக்கொள்கிறேன். நேற்று பேபி அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மில்லர்புரத்தில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஏளா பிலோமி, அங்கன போயும் கத்திராத என்று வழியெல்லாம் அவள் வேறு. டீச்சர் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று குரலைத் தணித்து, எம் பிள்ளைக்கு வழி காட்டுனீங்க, நீங்க நல்லா இருக்கணும் என்று சொன்னேன். அவர்கள் காதில் விழவில்லை. என்னம்மா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றார்கள். சொன்னேன். அந்தத் தெருவில் திறக்காத ஜன்னல் இல்லை. டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண் நிறைந்திருந்தது. மன்னிப்பு நான் கேட்கவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. சீலா மீன் கருவாடு கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். டீச்சருக்கு மறக்காமல் கடிதம் போடு. ஆபீசில் தணிந்தே பேசு, அது உனக்குச் சோறு போடுகிறது. மாதா கோயில் திருவிழாவுக்கு வரும்போது இந்த வீட்டில் எப்போதும்போல் பேசு.

உன் அம்மா
பிலோமினா