நீங்கள் நிறுத்தி வைத்த இடம்

என் அன்புக்குரிய செல்வியப்பாவுக்கு,

முருகன் காலடியில் நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். இங்கே எனக்குத்தான் நிம்மதி இல்லை. நம் செல்வி டியூசனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நோர்வூட்டுக்கு இறங்கும் பாதையில், தோட்டம் தோட்டமாகப் படம் போட்டுக் காட்டும் வீடியோ டெக்கைத் தோளில் சுமந்தபடி நீங்கள் விழுந்த அந்த வளைவைத் தாண்டமாட்டேன் என்கிறாள். வருசக் கடைசியில் ஓ.எல். சோதனை. இப்படியே போனால் படிப்பு என்னாகும்?

நீங்கள் போனது நெஞ்சுவலியில். டாக்டர் என் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் லயத்து வீடுகளில் யார் கேட்டார்கள்? அன்று மாலை நீங்கள் போட்டுக் காட்டியது அந்த வெள்ளைக்காரப் பேய்ப் படம். படத்தில் பங்களாக்காரி தலை வாரும்போது பின்னால் ஜன்னலில் ஒரு வெள்ளை முகம் வருமே, அதுதான் உங்களைக் கொண்டுபோனது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சின்ன வயதில் பிள்ளையின் காதில் விழுந்த பேச்சு, பதினாறு வயதில் அவள் கழுத்தைப் பிடிக்கிறது.

உங்கள் தங்கச்சி மல்லிகா வந்து நின்றாள். “அண்ணி, அந்தக் கேசட்டக் கொண்டுபோயி சாமிப் படத்துக்குக் கீழ வச்சிருக்கீங்களே, ஒங்களுக்குப் பயமே இல்லியா? வெள்ளிக்கெழம முனியாண்டி கோயில்ல போட்டு எரிச்சிப்புடுவோம்.”

“சாமிக்குக் கீழ இருந்தாத்தான் புள்ள பத்தரம்” என்றேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் ஆடியது. எரித்தால், அதில் பேய் இருந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

அந்த வாரம் சாமான் வாங்க அட்டன் போயிருந்தேன். நீங்கள் கேசட் எடுக்கும் கடைக்காரர் என்னைக் கண்டு கூப்பிட்டார். “அக்கா, ஒங்க வீட்டுக்காரரு போடுவாரே அந்தப் பேய்ப் படம், இப்ப டிவிடியில வந்திருக்கு. மூலப் பிலிமத் தேடி எடுத்து, கீறல் அழுக்கெல்லாம் தொடச்சிப் புதுசாக்கிட்டானுங்க. கேசட்ல வெறும் இருட்டுதான தெரியும்? இதுல இருட்டுக்குள்ள நிக்கிறதும் தெரியும்.”

அந்தக் கடைசிப் பேச்சு பஸ்ஸில் என்னோடு கூடவே வந்தது. இருட்டில் நிற்பதும் தெரியும் என்றால், அந்த முகம் கண்ணும் மூக்குமாகத் தெளிந்து வந்துவிட்டால்? நான் எதையும் வரவு செலவு பார்த்தே செய்கிறவள். இதில் மட்டும் எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் பயமே மிஞ்சியது. ஆனாலும் தெளிவாகக் காட்டிவிட்டால் பிள்ளையின் பயம் விடும் என்று வாங்கிய அந்த டிவிடி என் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரம். முருகனுக்கு விளக்கேற்றி மூன்று பேரும் திருநீறு பூசிக்கொண்டோம். மல்லிகா தன் வீட்டு டிவிடி பிளேயரைக் கொண்டுவந்திருந்தாள். செல்வி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? இத்தனை வருசம் மூட்டம் என்று நாம் நினைத்தது பூப்போட்ட சுவராம். கறுப்பு என்று நினைத்த கவுன் நீலமாம். பங்களாக்காரி சீப்பை எடுத்தாள். ஜன்னலில் மழை. திரைச்சீலை ஆடியது. சீப்பை வைத்துவிட்டு எழுந்து போனாள். அவ்வளவுதான்.

“அம்மா, மொகம் எங்க?”

“வெட்டிட்டானுங்க” என்றாள் மல்லிகா. “புதுசாக்குறேன்னு மறைச்சிட்டானுங்க. கேசட்ல இருக்கிறது இன்னும் கேசட்லதான் இருக்கு.”

செல்வி என் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நல்லது செய்யப்போய் இன்னும் மோசமாக்கிவிட்டேனா? இனிப் பாதியில் விடமுடியாது. உங்கள் கேசட்டை எடுத்தேன். மல்லிகா எழுந்து வாசல் இஸ்தோப்புக்குப் போய்விட்டாள். விழுந்ததில் மூலை நசுங்கிய டெக் முனகிக்கொண்டே ஓடியது.

சீப்பு. ஜன்னல். வந்தது. வெள்ளையாய், நீளமாய், கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. செல்வி என் தோளில் முகம் புதைத்தாள். நான் கண்ணை மூடவில்லை. அரிசியில் கல் தேடுவதுபோலப் பார்த்தேன். பங்களாக்காரி எழுந்து போனாள், அந்த அறையே மறைந்து வேறு காட்சி வந்தது. முகம் மட்டும் அதே இடத்தில், ஜன்னலே இல்லாத வெறும் சுவரில் நின்று, கோடு கோடாகக் கலைந்தது. பேய் என்றால் ஜன்னலோடு போயிருக்க வேண்டாமா?

“கண்ணத் தொற புள்ள. இது டேப்புல விழுந்த தேய்வுடி.”

“இந்த எடத்துல மட்டும் ஏம்மா தேயணும்?”

அப்போதுதான் நீங்கள் என் கண்முன் வந்தீர்கள். பயல்கள் படத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினால், “கண்ட எடத்துல நிப்பாட்டச் சொல்லாதீங்கடா, டேப்பு தேஞ்சிரும்!” என்று விரட்டுவீர்கள். இந்த இடத்தில் மட்டும் நீங்களே நிறுத்துவீர்கள். “புள்ளத்தாச்சிங்க எல்லாம் குசினி அடுப்புப் பக்கம் போயிருங்கம்மா, இனிமேதான் பயங்கரம்!” கடைசிப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகும்வரை காத்திருப்பீர்கள். படம் அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும், டேப்பும் அங்கேயே தேயும். டயகம வரைக்கும் போய்ப் போட்ட எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தானே?

அந்த வழக்கம் எப்படி வந்தது, ஞாபகம் இருக்கிறதா? முதல்முதல் நம் லயத்தில் போட்டபோது செல்வி என் வயிற்றில். “எனக்குப் படபடன்னு வருதுங்க” என்றேன். நீங்கள் படத்தை நிறுத்தினீர்கள். அன்றைக்கு ஜன்னலில் முகம் இருந்ததா? எனக்குத் தெரியாது. நான்தான் எழுந்து போய்விட்டேனே.

இதைச் சொன்னதும் செல்வி எழுந்து டெக்கிடம் போனாள். தானே பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை முகத்தை மறைக்கவில்லை.

“அப்ப மொதல்ல நிப்பாட்டுனது எனக்காகவாம்மா?”

“ஒனக்காகத்தான்.”

திங்கட்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். இஸ்தோப்பில் நின்று பார்த்தேன். அந்த வளைவில் அவள் குடை நின்றது. நகரவே இல்லை. கூப்பிட வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டேன். நீங்கள் காத்திருந்த மாதிரி நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் குடை அசைந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

சுத்தம் செய்த படத்தை மல்லிகாவுக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் கேசட் முருகனுக்குக் கீழேயே இருக்கிறது. அதை எரிக்கவும் மாட்டேன், அந்தத் தேய்வைத் துடைக்க யார் கையிலும் கொடுக்கவும் மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

நீங்கள் யாருக்காகப் படத்தை நிறுத்தினீர்களோ, அவளைப் பெற்ற

செல்வியம்மா