லப்பேத் தட்டில் லாஷியோ

ஜனவரி 9, வெள்ளி. ரங்கூன்.

வடக்கே சீன எல்லைப் பக்கமுள்ள லாஷியோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த, என் மகள் செல்வி நாளை மறுபடியும் கிளம்புகிறாள். ராணுவத்துக்கும் கிளர்ச்சிப் படைக்கும் அங்கே நடந்த சண்டை ஓய்ந்துவிட்டதாம். யார் சொன்னது? சாப்பிட்டதும் லப்பேத் என்ற புளிக்கவைத்த தேயிலைத் தட்டிலிருந்த வறுத்த பருப்புகளை மேசையில் வைத்து ஊரைக் காட்டினாள்.

“இது வெந்நீர் ஊத்து. குளிர்ல பசங்க அங்கதான் குளிப்பாங்க. ரயில் இங்க முடியுது. வெள்ளைக்காரன் காலத்துல ஆயுதம் போன சீனா ரோடு இங்க ஆரம்பிக்குது. இது எங்க யுனிவர்சிட்டி.”

“மறுபடி சண்டை வந்தா எந்தப் பக்கம் ஓடுவே?”

அவள் விரல் ரோட்டுக்குப் போனது, ரயிலுக்கு வந்தது, ஊற்றருகே நின்றுவிட்டது. பிறகு பல்கலைக்கழகத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “போய்த் தூங்கும்மா” என்றாள்.

அவள் தூங்கிவிட்டாள். மிச்சப் பருப்புகளை நான் அள்ளவில்லை. அவற்றுக்கு நடுவே வெளியேற வழி இருக்கிறதா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.