இருட்டறையில் தங்கச்சியின் ஊதா

1997 பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் பனி. நமுனுகுல மலை இருக்கிறதா, யாராவது தூக்கிப் போய்விட்டார்களா, தெரியவில்லை. ஸ்டூடியோவில் அடையாள அட்டைப் படத்துக்குக் கூட்டம். பூனாகலைத் தோட்டத்து அம்மா ஒருவர், "மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்க" என்றார். என் வயிற்றையே என்னால் சின்னதாக்க முடியவில்லை.

மத்தியான ரயிலில் தங்கச்சி வசந்தி. மடியில் மீன் அடைத்து வரும் மாதிரி வெள்ளை ரெஜிபோம் பெட்டி, உள்ளே ஐஸ். அவள் ஆராய்ச்சி செய்யும் கெம்பஸில் ஸ்ட்ரைக், ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. பெட்டியில் இருப்பது கெடுவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமாம். அதற்கு இருட்டும் சிவப்பு விளக்கும் தேவை. பதுளையில் அது இரண்டும் இருப்பது என் ஸ்டூடியோ இருட்டறையில். குடும்பத்தில் முதல்தடவையாக ஒருத்தி என் தொழிலை மதிக்கிறாள்.

எனக்குப் புரிந்த மட்டில்: உப்பளத்தில் ஒரு கிருமி. அதன் உடம்பில் ஊதாப் புரதம், வெளிச்சத்தைப் பிடித்துப் பிழைக்க. இவள் அந்தப் புரதத்தை இரண்டு துண்டாக்கி, நிறம் தரும் பொருளையும் கழற்றிவிட்டாள். இப்போது துண்டு இரண்டு, கொழுப்புக் கொஞ்சம், நிறப்பொருள் ஒரு துளி. சேர்த்து வைத்தால் தானாக மடிந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் ஊதா. ஒட்டாவிட்டால் மூன்று வருட ஆராய்ச்சி போச்சு. கொண்டுவந்தது ஒரு தடவைக்குத்தான் காணும்.

"நல்லா இருந்ததை எதுக்கு வசந்தி பிச்சுப் போட்ட?" என் மனைவி சரசு.

"திரும்ப ஒட்டிக்கிதான்னு பாக்கத்தான் அண்ணி."

அந்த நிறப்பொருள் கரட் கிழங்கில் இருக்கும் சத்துக்குச் சொந்தமாம். "வெலிமடைத் தோட்டத்துல சொல்லி ஒரு மூட்டை கரட் எறக்கிருவமா?" என்றேன். முறைத்தாள்.

12, புதன்

தூறல். காலையில் கலந்து, குழாயை இருட்டறையில் வைத்தாள். "ராத்திரி முழுக்கக் கெடக்கட்டும். நாளைக்கு நான்தான் தொறப்பேன். அண்ணே, தலையை உள்ள நீட்டிறாதீங்க."

சாயந்தரம் வரை நீட்டவில்லை, சத்தியம். சரசுவோடு அவள் கோயிலுக்குப் போனதும் நீட்டினேன். சிவப்பு விளக்கைப் போட்டுக் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். ஊதா இல்லை. வெறும் தண்ணீர். பாவம் பிள்ளை.

யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பக்கத்துச் சாப்பாட்டுக் கடை மாரிமுத்து அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

"என் வாயில இருந்து போவாதுங்க தம்பி."

அந்த வாய்க்குக் கதவே கிடையாது. எனக்குத் தெரியாதா? தெரியும்.

இரவு கோழிக் குழம்பு வாங்கி வந்தேன். "என்ன அண்ணே, விசேஷமா?" கோழிக்கால் இரண்டையும் அவள் தட்டிலேயே போட்டேன்.

13, வியாழன்

வெயில். விடிந்ததும் வாசலில் மாரிமுத்து அண்ணன், விபூதிப் பொட்டலத்தோடு. பின்னால் துணிக்கடை அம்மா, வாழைப்பழச் சீப்போடு.

"மனசைத் தளர விடாதம்மா. படிப்பு போனா என்ன, நல்ல எடமாப் பாத்து..." என்றார் துணிக்கடை அம்மா.

அவர்கள் போனதும் வசந்தி என் பக்கம் திரும்பினாள்.

"எட்டிப் பாத்தீங்களா?"

"லேசா."

"செவப்பு வெளக்குலயா?"

"ஆமா..."

"அதுல எல்லாமே செவப்பாத்தானே தெரியும்? ஊதாவைத் தனியா எப்பிடி அண்ணே கண்டுபிடிப்பீங்க? இருவது வருசமா அந்த வெளக்குக்குக் கீழதானே நிக்கிறீங்க!"

நிற்கிறேன்தான். கறுப்பு வெள்ளைப் படம் கழுவுகிறவனிடம் நிறத்தைப் பற்றி இதுவரை யார் கேட்டார்கள்?

குழாயை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெளிச்சம் பட்டது. ஊதா! இளங்கத்தரிக்காய்த் தோல் மாதிரி.

"ஒட்டிக்கிச்சு அண்ணே," என்றாள். அவ்வளவுதான். பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக. சரசுவுக்கும் கண் கலக்கம். எனக்குத் தூசி.

உடனே கடைகடையாக ஓடிச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"ஆமாங்க, ஆமாங்க. கூடப் பொறந்தவரு வேற எப்பிடிச் சொல்லுவீங்க?" துணிக்கடை அம்மா.

"தைரியமா இருங்க தம்பி." மாரிமுத்து அண்ணன், தோளைத் தட்டி.

திரும்பி வந்து சொன்னேன். வசந்தி செருப்பை மாட்டினாள், குழாயை எடுத்தாள். "நடங்க."

சாப்பாட்டுக் கடை. மாரிமுத்து அண்ணன் குழாயை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆத்தாடி, நெசமாவே ஊதா! இதையா தம்பி போச்சுன்னு சொன்னீங்க?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. வசந்திக்கு உளுந்து வடை, பால் தேத்தண்ணி, மின்விசிறிக்குக் கீழே இடம். பில் எனக்கு.